ஒரு துளியா, ஒரு கரண்டியா?

கடந்த டிசம்பரில் ஒருநாள், சுபஹுக்குப் பிறகு வாப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, “இனி ராவுல ஹயர் போறல்ல. கண்ணு முந்தி மாதிரி இல்ல” என்றார்.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. பகல் ஓட்டம் வானின் லீசிங்குக்கும் டீசலுக்கும் சரியாகிவிடும். என்னுடைய பௌதிகவியல், இணைந்த கணித வகுப்புகளுக்குரிய காசு இரவு ஓட்டத்தில்தான் வருகிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வாப்பா முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு 12 வயது. புத்தளத்தில் வளர்ந்து, இப்போது வவுனியாவில் வான் ஓட்டுகிறார். அவரை ஹயருக்குக் கூப்பிடுபவர்களில் பாதிப்பேர், புத்தளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் இன்னும் போய்வந்துகொண்டிருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள். காணி அலுவல், கலியாணம், மையித்து என்று ஏதாவது இருக்கும். கந்தோர் திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும் என்பதற்காக நடுநிசியிலேயே புறப்படுவார்கள். ஏ9 வீதியில் மாங்குளம் வரை போய், அங்கிருந்து ஏ34 இல் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகப் போக வேண்டும். மாரிகாலத்தில் அந்தப் பாதையில் இரவில் போனவர்களுக்குக் கட்டாக்காலி மாடுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது மாடுகள் படுப்பதற்குக் காய்ந்த இடம் தார்வீதி ஒன்றுதான்.

அப்படிப் படுத்திருந்த ஒரு கறுப்பு மாட்டைத்தான் வாப்பா முதல்நாள் இரவு கடைசி நேரத்தில் கண்டிருக்கிறார். வானில் ஏழு பேர் இருந்தார்கள். மாட்டின் வாலைத்தான் வான் தட்டியதாம். அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. வானில் வந்த மாமி உம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

வாப்பாவைக் கட்டாயப்படுத்திக் கண் காட்டக் கூட்டிப்போனோம். வாசிப்பதற்கு மட்டும் கண்ணாடி எழுதித் தந்தார்கள். தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அன்று மாலை வான் முற்றத்துக்குள் திரும்பியபோது அதன் வெளிச்சம் எங்கள் மதிலில் விழுந்தது. இடப்பக்க வெளிச்சத்தில் மேல்விளிம்பு கோடு கீறியதுபோல் தெளிவாக இருந்தது. வலப்பக்கத்தில் விளிம்பே இல்லை. தண்ணீரில் பால் ஊற்றியதுபோல் மதில் முழுக்கப் பரவி, மாமரத்தின் கொப்புகளைக்கூட வெளிச்சமாக்கிக்கொண்டிருந்தது. மரத்துக்குப் போன வெளிச்சம் வீதிக்குப் போகவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். வலப்பக்க ஹெட்லைட்டுக்குள் முழுதும் புகார். அடியில் தண்ணீர் தளம்பிக்கொண்டிருந்தது.

வாப்பாவிடம் கேட்டால், “அது மழைக்கு வாறதுதானே. ரெண்டு மாசத்துக்கு முந்திக் கராஜில குடுத்து நல்லா அடைச்சும் போட்டன்” என்றார். அந்த அடைப்புத்தான் எங்களுக்கு வினையாக இருந்தது. ஏன் என்று விளங்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

நோன்பு திறக்க வைக்கும் சர்பத் கிளாஸை நினைத்துப் பாருங்கள். ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்பக்கம் வியர்த்து வழியும். அது கிளாஸுக்குள்ளிருந்து கசிந்த சர்பத் அல்ல. சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி, குளிர்ந்த கண்ணாடியில் பட்டு ஒடுங்கியதால் வந்த நீர். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக நீராவியை வைத்திருக்கும். குளிரக் குளிர அந்த இடம் சுருங்கும். இனி வைத்திருக்க முடியாது என்ற வெப்பநிலை வந்ததும் மிச்சம் துளியாகிவிடும். அந்த வெப்பநிலையைத்தான் உயர்தர வகுப்பில் பனிபடுநிலை என்று படிக்கிறோம். மாஸ்க் போட்ட காலத்தில் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்த பிள்ளைகள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஹெட்லைட்டை, உள்ளே வெளியே புரட்டிய சர்பத் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளலாம். பல்ப் எரியும்போது உள்ளே உள்ள காற்று சூடாகும். வெளியே மழையும் எதிர்க்காற்றும் முன்கண்ணாடியைக் குளிர்விக்கும். (கண்ணாடி என்று பழக்கத்தில் சொல்கிறோம். இன்றைய வாகனங்களில் அது பொலிகாபனேற்று என்ற பிளாஸ்டிக்.) பல்ப்பிலிருந்து தூரமாகக் கீழ்மூலையில் இருக்கும் பகுதி அதிகம் குளிர்வதால் அங்கேதான் முதலில் புகார் பிடிக்கும். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி வில்லையாக மாறி வெளிச்சத்தைக் கண்டபடி முறித்துச் சிதறடிக்கும். நமக்கு வீதி தெரியாமல் போவதோடு, எதிரே வருகிறவரின் கண்ணிலும் அடிக்கும்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருப்பது. எனக்கு வந்த சந்தேகம் வேறு. உள்ளே இருந்த காற்றிலிருந்தே இவ்வளவு தண்ணீர் வருமா?

கணக்குப் பார்த்தேன். 30 பாகை செல்சியஸில் முற்றாக நிரம்பிய காற்றின் ஒரு கனமீற்றரில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி இருக்கும். 20 பாகையில் 17 கிராம் அளவில் இருக்கும். ஒரு கனமீற்றர் என்பது 1000 லீற்றர். எங்கள் ஹெட்லைட்டின் உள்ளிடம் 5 லீற்றர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அது 30 பாகையிலிருந்து 20 பாகைக்குக் குளிர்ந்தால் வெளிவரும் நீர் 0.065 கிராம்தான். மருந்துத் துளியியில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்று எடுத்தால், ஒரு துளி 0.05 கிராம். அதாவது கண்ணாடி முழுவதையும் மறைக்கிற அந்தப் புகார் மொத்தமாக ஒரு துளியும் கொஞ்சமும்!

முதலில் தசமதானத்தைப் பிழையாகப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். டீச்சரிடம் காட்டினேன். “சரியாத்தான் இருக்கு, அப்ப மிச்சத் தண்ணி எங்கால வந்தது?” என்று திருப்பிக் கேட்டார்.

மிச்சத்தை அளந்தோம். பல்ப்பைக் கழற்றி, ஒரு சிரிஞ்சில் மெல்லிய ரியூப்பைப் பொருத்தி அடியில் இருந்த தண்ணீரை உறிஞ்சினேன். 12 மில்லிலீற்றர் வந்தது, இரண்டரைத் தேக்கரண்டி அளவு. துளிக் கணக்கில் 240. ஓர் இரவுக்கு ஒரு துளியும் கொஞ்சமுமாக, ஒன்றும் காயாமல் சேர்ந்தாலும் ஆறு மாதம் எடுக்கும். அந்தத் தண்ணீரோ ஒரு கிழமை மழையில் வந்தது. ஆகவே அது காற்றிலிருந்து வரவில்லை. எங்கோ ஓர் ஓட்டையால் உள்ளே போயிருக்கிறது.

இதை வாசிக்கும் வாகனக்காரர்கள், வாகனக்காரரின் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க வேண்டியது இதைத்தான். மழைக்குப் பிறகோ வாகனம் கழுவிய பிறகோ மெல்லிய புகார் மட்டும் பிடித்து, லைட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடியதும் தானாகப் போய்விட்டால் அது ஒரு துளி. பல வாகனங்களின் கைநூலிலேயே அது சாதாரணம் என்று எழுதியிருக்கிறார்கள். கை வைக்க வேண்டாம். பெரிய துளிகளாக வழிந்தாலும், அடியில் தேங்கினாலும், மறுநாள் வெயிலுக்கும் போகாவிட்டாலும் அது ஒரு கரண்டி. அதற்கு ஓட்டையைத் தேட வேண்டும். வெளிப்பக்கம் மஞ்சளித்து மங்கிப்போவது மூன்றாவது சங்கதி. அது வெயில் பட்டுப் பிளாஸ்டிக் பழுதாவது. தண்ணீருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஓட்டை என்றால் உடனே அடைத்துவிடலாமே என்று தோன்றும். கராஜில் அப்படித்தான் செய்திருந்தார்கள். கண்ணாடியைச் சுற்றி, பின்மூடியைச் சுற்றி, கண்ட இடமெல்லாம் வெள்ளைச் சிலிக்கன். இதைக் கழற்றுவதற்காக வாப்பா தன் பழைய சிநேகிதரான ஒரு வயரிங் அண்ணையிடம் என்னையும் கூட்டிப்போனார். (“பொம்புளப் புள்ளைக்குக் கராஜுக்குள்ள என்ன வேல” என்று உம்மா கேட்டார். “அவதான் கணக்குப் பார்த்தவ” என்றார் வாப்பா.) அண்ணை ஹெட்லைட்டைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் சுண்டுவிரல் பருமனில் வளைந்த இரண்டு ரப்பர்க் குழாய்களைக் காட்டினார். ஒன்று சிலிக்கனால் அடைபட்டிருந்தது. மற்றதில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது.

“பிள்ளை, உதுகள் அடைபடக் கூடாது. லைட்டும் மூச்சு விடோணும்” என்றார்.

மூச்சு என்று அவர் சொன்னதைச் சாள்சின் விதியால் சொல்லலாம். உள்ளே 30 பாகையில் இருக்கும் காற்று 70 பாகைக்குச் சூடாகிறது என்று வைப்போம். கெல்வினில் 303 இலிருந்து 343. வழி திறந்திருந்தால் காற்று விரிந்து, எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது வெளியே போய்விடும். 5 லீற்றரில் அது அரை லீற்றருக்கும் மேல். லைட்டை அணைத்ததும் அதே அளவு காற்று திரும்பி உள்ளே வரும். இந்தப் போக்குவரத்துக்குத்தான் குழாய்கள். அவை கீழ்நோக்கி வளைந்திருப்பது மழைநீர் ஏறாமல் இருக்க.

குழாய்கள் அடைபட்டால் என்ன ஆகும்? சூடாகும்போது காற்று எப்படியாவது ஒரு கீறலால் பிதுங்கி வெளியேறிவிடும். பிறகு மழையில் வாகனத்தை நிறுத்தி லைட்டை அணைக்கிறோம். உள்ளே காற்று சுருங்குகிறது. குழாயால் காற்று வர முடியாது. இருப்பது அந்தக் கீறல் மட்டும், கீறலின் மேல் மழைத்தண்ணீர் நிற்கிறது. ஸ்ட்ரோவில் உறிஞ்சுவதுபோல் ஹெட்லைட் அந்தத் தண்ணீரை உள்ளே இழுக்கும். 70 பாகையிலிருந்து 30 பாகைக்கு வரும்போது அமுக்கம் ஏறக்குறைய 12 சதவீதம் குறையும். ஒரு மீற்றருக்கு மேல் உயரமான நீர்நிரலைத் தாங்கக்கூடிய உறிஞ்சல் அது! கராஜில் அடைத்தது தண்ணீர் வரும் வழியை அல்ல, காற்று வரும் வழியை. அதன்பிறகு ஒவ்வொரு மழையிலும் எங்கள் ஹெட்லைட் தாகத்தோடு குடித்திருக்கிறது. உள்ளே போனது வெளியே வரவும் வழியில்லை.

புதிய வாகனங்களில் குழாய்க்குப் பதிலாகக் காசு அளவான ஒரு மென்சவ்வு ஒட்டியிருக்கும். 1969 இல் ரொபர்ட் கோர் என்பவர் ரெஃப்லோன் இனப் பிளாஸ்டிக்கை வேகமாக இழுத்து நுண்துளைகள் உண்டாக்கிய அதே வகைச் சவ்வுதான். நீராவி மூலக்கூறுகள் அதனூடாகப் போகும், நீர்த்துளி போகாது. மழை அங்கியில் பாவிக்கிற அதே தந்திரம். அதன்மேல் சிலிக்கன் பூசுபவர்களை என்ன சொல்வது!

முற்றாக மூடிய ஹெட்லைட்டும் ஒருகாலத்தில் இருந்தது. கண்ணாடி, தெறிப்பி, தும்பு எல்லாம் சேர்ந்தே ஒரு பெரிய பல்ப். சீல்ட் பீம் என்பார்கள். அமெரிக்காவில் 1940 தொடக்கம் 1983 வரை வேறு வகையைப் போடவே சட்டம் விடவில்லை. அதற்குள் புகார் வராது, ஆனால் தும்பு அறுந்தால் முழு லைட்டையும் எறிய வேண்டும். யாழ்ப்பாணத்தில் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களின் வட்டக் கண்கள் நினைவிருக்கும் பெற்றோருக்கு அந்த உருவம் விளங்கும். பல்ப்பை மட்டும் மாற்றலாம் என்ற வசதி வந்தபோது பின்னால் ஒரு வாசலும் வந்தது, வாசலோடு ஈரமும் வந்தது.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சிலிக்கனை எல்லாம் சுரண்டி எடுத்தோம். பின்மூடி ரப்பர் வெடித்திருந்தது, அதற்குப் புதியது வாங்கினோம். குளவிக்கூட்டைக் குத்தி எடுத்தோம். ஆனால் உண்மையான கீறல் எது? சைக்கிள் ரியூப்பில் பஞ்சர் பார்க்கிற மாதிரியே பார்த்தோம். பல்ப் இல்லாமல் பின்வாசலை இறுக்கி மூடி, ஒரு குழாயை விரலால் பொத்தி, மற்றதில் ரியூப்பைச் சொருகி, ஹெட்லைட்டைச் சவர்க்காரத் தண்ணீர்ப் பேசினுக்குள் அமிழ்த்தி நான் வாயால் மெதுவாக ஊதினேன். கண்ணாடியும் பின்கூடும் சேரும் விளிம்பின் மேல்மூலையில் ஒரு விரல் நீளத்துக்குக் குமிழி குமிழியாக வந்தது. அவ்வளவுதான் ஓட்டை.

உடனே ஒட்டவில்லை. முதலில் காய வைத்தோம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பழைய கதைதான். வாசலும் குழாய்களும் கீழே பார்க்க, இரண்டு நாள் வெயிலில் வைத்தோம். மழை இருட்டியபோது தலைமயிர் காய வைக்கும் மெஷினை மெல்லிய சூட்டில் பிடித்தேன். உள்ளே வெள்ளியாக மினுங்கும் தெறிப்பியைத் துணியால் துடைக்கப் போனேன், அண்ணை கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். அது மிக மெல்லிய அலுமினியப் படை. ஒருமுறை துடைத்தாலும் கீறல் விழும், பிறகு வெளிச்சம் குறையும். பல்ப்பின் கண்ணாடியையும் விரலால் தொடக்கூடாது. கையின் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும்.

சிலிக்கன் வாங்கும்போதும் ஒரு விஷயம் உண்டு. வினாகிரி மணம் அடிக்கிற வகை வேண்டாம். அந்த மணம் அசற்றிக்கமிலத்தினது. சிலிக்கன் இறுகும்போது வெளிவரும் அந்த ஆவி மூடிய கூட்டுக்குள் போனால் அலுமினியத்தை அரிக்கும். மணமில்லாத நடுநிலை வகை கேட்டு வாங்க வேண்டும். குமிழி வந்த அந்த விரல் நீளத்துக்கு மட்டும் அதைப் பூசி, ஒருநாள் இறுக விட்டு, மறுபடி பேசினில் ஊதிப் பார்த்தோம். குமிழி இல்லை.

வேறு வைத்தியங்களும் சொன்னார்கள். அடியில் சின்ன ஓட்டை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று ஓட்டோ ஓட்டுகிற சாச்சா சொன்னார். வடியும்தான். ஆனால் அதே ஓட்டையால் தூசியும் ஈசலும் ஏறும், வெள்ளம் பாய்ந்த வீதியில் இறங்கினால் தண்ணீரும் ஏறும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பைக்கற்றைப் போடச் சொன்னவர்களும் உண்டு. மூச்சு விடுகிற பெட்டிக்குள் அது சில நாளில் நிறைந்துவிடும். சூடான பல்ப்பில் சாய்ந்தால் உருகவும் கூடும். எல்ஈடி பல்ப் போடுவோம் என்பது நானாவின் யோசனை. அதில் கரண்ட் மிச்சம், ஆனால் பழைய ஹலஜன் பல்ப் கண்ணாடியை நோக்கி வீசுகிற வெப்பத்தை எல்ஈடி வீசாது. பனி விழும் நாடுகளில் எல்ஈடி லைட்டின்மேல் பனி உருகாமல் ஒட்டிக்கொள்வது இதனால்தான். எங்கள் மாரிக்கு அது புகார் போவதை இன்னும் தாமதமாக்கும். புது ஹெட்லைட்டே வாங்கலாம் என்றால் விலை வாய்க்கு வரவில்லை. பஞ்சிகாவத்தையில் பாவித்ததைத் தேடினாலும் அதன் கீறல் எங்கே என்று யாருக்குத் தெரியும்? 2020 மார்ச்சிலிருந்து ஐந்து வருடமளவில் வாகன இறக்குமதி நின்றிருந்ததால், எங்களைப்போலப் பழைய வானை இழுத்துக்கொண்டு போகிற வீடுகள் எங்கும் இருக்கின்றன.

“லைட்டுத்தானே, இவ்வளவு மினக்கேடா” என்று சாச்சா சிரித்தார். அவருக்காக இன்னொரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 16.7 மீற்றர். மாட்டைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்றால், அதற்குள் வான் 25 மீற்றர் ஓடிவிடும். நனைந்த தாரில் வேகம் செக்கனுக்குச் செக்கன் 5 மீற்றர் வீதம் குறைகிறது என்று கொண்டால், நிற்க இன்னும் 28 மீற்றர் வேண்டும். மொத்தம் 53. நல்ல லைட் அந்தத் தூரத்தை ஏறக்குறையக் காட்டும். புகார் பிடித்த லைட் 30 மீற்றர் மட்டும் காட்டினால், பிரேக் பிடிக்கக் கிடைப்பது கடைசி 5 மீற்றர். மாட்டில் மோதும்போது வேகம் இன்னும் 54 கிலோமீற்றர். பிரேக் பிடித்தும் பிடிக்காததற்குச் சமம். இந்த விடையை எழுதியபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. அந்த இரவு வானில் இருந்த ஏழு பேரில் மாமியின் மடியில் இருந்த குழந்தையும் ஒன்று.

சாச்சா கொப்பியை வாங்கிப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஓட்டோவின் லைட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, “பேசின் எங்க?” என்று கேட்டார்.

வாப்பா ஜனவரியில் மறுபடி இரவு ஹயர் தொடங்கினார். முதல் நாள் புறப்படும் முன் வானை மதிலுக்கு நேரே நிறுத்தி லைட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் விளிம்பு தெரிந்தது. மாமரம் இருட்டாக இருந்தது.

மழை நாளில் அந்த லைட்டின் கீழ்மூலையில் இப்போதும் கொஞ்சம் புகார் பிடிக்கிறது, உள்ளங்கை அளவுக்கு. ஓமந்தை தாண்டுவதற்குள் போய்விடுகிறதாம்.